வாடைக் கடலில் கிணற்று நீச்சல்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் ஈ ஓட்டுகிற வேலைதான். தீபாவளி லோடு அத்தனையும் போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த சீசனுக்கு மருந்து கலக்கத் தை பிறக்க வேண்டும். அந்த இடைவெளியில் நாரணாபுரத்து இளவட்டங்களுக்குக் கிணற்றில் குதிப்பதைத் தவிர வேறு ஜோலி கிடையாது. அன்றைக்கும் கண் சிவக்கக் குதித்துவிட்டு ஈரத் துண்டோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, நீ சிலோனுக்குப் போற," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மூணு வருசமாப் பொங்கச்சீரைக் கடல் தாண்டி அனுப்பிட்டு இருக்கேன். இந்த வருசம் சீரு போகாது. பொண்ணு இங்கன வரட்டும். நீ போய்க் கூட்டிட்டு வா. அவ இல்லாம நீ மட்டும் வந்து வாசல்ல நிக்காத, சொல்லிட்டேன்."

பொண்ணு என்றது என் அக்கா செல்லக்கனியை. ஐம்பதுகளின் நடுவில் நடந்த சமாசாரம் இது. அத்தானின் பூர்வீகம் விருதுநகர். அவருடைய தாத்தா காலத்திலேயே திருகோணமலைக்குப் போய் மளிகைக் கடை போட்டுவிட்டார்கள். அத்தான் பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். கல்யாணம் முடிந்து கப்பலேறிய அக்கா அப்புறம் ஊர்ப்பக்கமே வரவில்லை. பொங்கல் நெருங்கும்போதெல்லாம் அத்தானிடமிருந்து ஒரே பதில் வரும்: மார்கழிக் கடல் சரியில்லை, இப்போது அனுப்புவதற்கில்லை. சித்திரையில் அனுப்பலாமே என்றால் கடையில் ஆள் இல்லை என்பார்.

"அது என்ன, கடலுக்கு வருசம் தவறாம மார்கழில மட்டும் காய்ச்சல் வருது?" என்று அம்மா மூக்கைச் சிந்துவாள்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வயது வரைக்கும் நான் கடலைப் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றால் குனிந்துதான் பார்க்க வேண்டும். கமலை மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, கிணற்றின் அடி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்டுகிறவன் நான். நீச்சலில் என்னை அடிக்கச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சிலோன் கடலிலேயே நீந்தப் போகிறேன் என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

பாஸ்போர்ட்டுக்கு அலைந்ததையும் ரயிலில் இடிபட்டதையும் சொல்லி உங்களை அறுக்கப் போவதில்லை. கப்பலில் நடந்தது ஒன்றை மட்டும் சொல்கிறேன். அது குலுங்கிய குலுக்கலில் மேல்தட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வாளியைத் தேடினார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன். எத்தனை தண்ணீர்! அடேயப்பா, எத்தனை தண்ணீர்! பக்கத்தில் சுருண்டு கிடந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்கி, "தம்பி, உங்களுக்குக் குமட்டலையா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, பசிக்குது," என்றேன்.

அவர் மறுபடியும் வாளியைத் தேடிப் போனார்.

இலங்கையில் கால் வைத்ததும் மழை. எங்கள் ஊர் மழை மாதிரி இரண்டு அடி அடித்துவிட்டு ஓடுகிற மழை இல்லை. உட்கார்ந்து சாவகாசமாகப் பெய்கிற மழை. திருகோணமலைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, தார்ப்பாய்தான். எல்லோரும் அதை இழுத்து இழுத்துக் கட்டினார்கள். நான் மட்டும் என் பக்கத்தை அவிழ்த்து விட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தேன். பச்சை! அப்புறம் ஒரு குளம்! மறுபடியும் பச்சை! முன் ஸீட்டில் இருந்த இரண்டு சிங்களப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என் பக்கத்தில் ஒரு தபால்காரர் இருந்தார். அவரிடம் அர்த்தம் கேட்டேன்.

"இந்த மனுசன் மழையை முதல் தரமாப் பாக்கிறாரோ எண்டு கேக்கினம்," என்றார்.

"ஆமா, மார்கழில இப்படிப் பேயறதை முதல் தடவையாத்தான் பாக்கேன்னு சொல்லுங்க," என்றேன்.

அவர் சொன்னார். அவர்கள் என்ன நினைத்தார்களோ, ஐயோ பாவம் என்று எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்கள்.

அதைத் தின்று முடிப்பதற்குள் பஸ் நின்றுவிட்டது. ரோட்டின் மேலே ஓடை போய்க்கொண்டிருந்தது. நடுத் தண்ணீரில் இன்ஜின் அணைந்துபோய்விட, ஆண்பிள்ளைகள் எல்லோரும் இறங்கித் தள்ளுங்கள் என்று கண்டக்டர் கையைக் காட்டினார். மற்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினார்கள். நான் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் குதித்தேன். தள்ளுகிறபோது ஒரு தடவை முகம் குப்புற விழவும் செய்தேன். எழுந்து பார்த்தால், பஸ் கூரையில் கட்டியிருந்த என் தகரப் பெட்டியின் மேல் மழைத் தண்ணீர் எல்லாம் வழிந்துகொண்டிருக்கிறது. பெட்டிக்குள் அக்காவுக்காக வாங்கிய சாத்தூர்ச் சேவு!

போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலிலேயே நின்றாள். "ஏலே, வந்துட்டியாலே!" என்று ஓடி வந்து என் ஈரத் தலையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சௌக்கியமா, அம்மா சௌக்கியமா என்றெல்லாம் கேட்கவில்லை.

"நம்ம கிணத்துல தண்ணி எம்புட்டுக் கிடக்கு?"

"மேல்படியைத் தொட்டுக்கிட்டுக் கிடக்கு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் முங்கி மூணு வருசமாச்சுலே," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் வீட்டுப் புழக்கடைக் கதவைத் திறந்தால் கடல். இத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டா இப்படி ஒரு ஏக்கம்? "உங்கத்தான் விட்டாத்தானே. கடல்னு சொன்னாலே கதவைச் சாத்துங்காக," என்றாள். எனக்கு நீச்சல் பழக்கியதே அவள்தான். முங்குகிறவனுக்குக் கையைக் கொடுக்காதே, கட்டிப் பிடித்து உன்னையும் கொண்டுபோய்விடுவான், முடியைப் பிடித்து இழு என்பது எங்கள் கிணற்றில் எழுதாத சட்டம். சிறுவயதில் அவள் இழுத்த இழுப்பில் என் முடி பாதி போயிருக்கிறது.

அத்தான் கடையிலிருந்து குடையோடு வந்தார். தேங்காய் எண்ணெய் தடவிச் சீவி, நெற்றியில் ஒரு சுருள் விட்டிருப்பார். சட்டைப் பையில் எப்போதும் சீப்பு இருக்கும். "வாங்க மாப்ளே! சாப்பிட்டீகளா? இன்னும் இல்லையா? செல்லக்கனி, என்ன பாத்துக்கிட்டு இருக்க!" என்று வீட்டையே தூக்கி நிறுத்திவிட்டார். ஆள் தங்கமானவர். அதுதான் எனக்குக் குழப்பம். இப்படிப்பட்டவர் ஏன் பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார்?

பெட்டியைத் திறந்தால் சேவு நமுத்துப்போய்விட்டது. பட்டாசுக்காரனுக்கு நமுத்துப்போச்சு என்பதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. இந்தக் காற்றில் எங்கள் திரி ஒன்றுகூடக் காயாது, கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று தோன்றியது. அக்கா அந்த நமுத்த சேவையும் கண்ணை மூடிக்கொண்டு மென்று மென்று தின்றாள். எனக்கு இடியாப்பமும் சொதியும் காரமாக ஒரு தேங்காய்ச் சம்பலும் வந்தன. பால் போல இருந்த சொதியைக் குடித்தே தீர்த்தேன். தொட்டுக்கொள்ளக் கருவாடு.

"கடலைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கருவாடா அத்தான்? இதைத்தான் சிவகாசிச் சந்தையிலயே வாங்குறோமே!"

"வாடைக்காத்து அடிக்கையில மீன்பிடிக்க வள்ளம் இறங்காது மாப்ளே. நாளைக்கு வந்து பாருங்க, தெரியும்."

மறுநாள் காலையில் மூன்று பேரும் துறைமுகத்துக்கு வெளியே, வெளிக்கடற்கரைக்குப் போனோம். மணல்மேடு ஏறி நின்றேன். காற்று வடகிழக்கிலிருந்து முகத்தில் அறைந்தது. கடல் நீலமாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், இது சேறு கலங்கிய சாம்பல் நிறம். அலை ஒன்றன் பின் ஒன்றாக மூன்று வரிசையாக எழுந்து, கவிழ்ந்து, உடைந்து, வெள்ளையாகச் சிதறிக்கொண்டு ஓடி வந்தது. கரையையே மார்பளவுக்கு அரித்துப் படி வெட்டி வைத்திருந்தது. அலைக்கு அந்தப் பக்கம் கறுப்பாக ஒரு பாறை தலையை நீட்டிக்கொண்டிருந்தது. உடைகிற சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் பாதம் வழியாகத் தெரிந்தது. எங்கள் கம்பெனியில் சத்தம் கேட்டால் ஓடத்தான் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே சத்தத்தை நோக்கி ஓட வேண்டும் போல இருந்தது!

சட்டையைக் கழற்றப் போனேன். மேட்டில் இழுத்து வைத்திருந்த வள்ளத்தின் நிழலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்து வந்தார். சவரிமுத்து என்று பெயர், அத்தான் கடையில் சாமான் வாங்குகிறவர்.

"தம்பி, உது குளிக்கிற கடல் இல்லை. வாடை முடிஞ்சு பங்குனிக்கு வாங்கோ, கண்ணாடி போலக் கிடக்கும். இப்பவே குளிக்க வேணுமெண்டால் கொழும்புப் பக்கம், காலிப் பக்கம் போங்கோ. அங்கால கடல் இப்ப நித்திரை."

ஒரே தீவு, இந்தப் பக்கம் கொந்தளிக்கும்போது அந்தப் பக்கம் தூங்குமாம். காற்று திசை மாறினால் அது எழுந்து இது படுத்துக்கொள்ளுமாம். எனக்கு அதைக் கேட்கவே புல்லரித்தது.

"அப்ப அவங்க?" என்று கையைக் காட்டினேன். கொஞ்சம் தள்ளி, துறைமுகத்துக் கப்பல்படை வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் மார்பளவுத் தண்ணீரில் ஆளுக்கொரு பலகையோடு நின்றார்கள். அலை உடைகிற நேரம் பார்த்துப் பலகையின் மேல் குப்புறப் படுப்பார்கள். அலை அவர்களை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து மணலில் போடும். பலகையில் சவாரி! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர்கள் கரையேறி எங்களைத் தாண்டிப் போகும்போது பேசிக்கொண்டதை அத்தான் எனக்குத் தமிழில் சொன்னார்: "இன்னைக்கு அலை மோசமாம். ஒழுங்கா எந்திரிக்காம உடைஞ்சு உடைஞ்சு வருதாம். குளிரும் ஜாஸ்தியாம்."

இதெல்லாம் சொல்லும்போது அத்தான் எங்கே நின்றார் என்பதையும் நான் கவனித்தேன். செருப்பு நனையாத தூரத்தில், குடையைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றார். அக்கா நுரை வந்து தொடுகிற இடத்தில் நின்றாள். ஒவ்வோர் அலைக்கும் அத்தான், "செல்லக்கனி, போதும், மேல வா," என்றார்.

என் ஆசையைத் தீர்க்க அத்தான் அதற்கடுத்த நாள் எங்களை உள்துறைமுகப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மலை சுற்றி அணைத்த கடல், அலையே இல்லை. சந்தோஷம் தாங்காமல் குதித்தேன். ஐயோ, உப்பு! கண், மூக்கு, தொண்டை எல்லாம் எரிந்தது. ஆனால் உடம்பு தானாக மிதந்தது. கிணற்றில் இப்படி மிதக்காது. கை போட்டு வீசி வீசி நீந்தினேன். கரையில் நின்றவர்கள் கைகொட்டிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பாராட்டுகிறார்கள் என்று இன்னும் வேகமாக நீந்தினேன்.

கரையேறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. நான் வட்டமடித்துக்கொண்டிருந்தேனாம்! நேரே போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, இடது பக்கமாகத் திரும்பித் திரும்பிச் செக்குமாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றினேனாம். எங்கள் கிணற்றில் நாலு வீச்சுக்கு ஒரு சுவர் வரும், திரும்பித்தானே ஆக வேண்டும்? களைத்துப்போனால் நடுவில் கிடந்து அல்லாட மாட்டோம், பக்கத்துச் சுவரில் படிக்கல் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பக்கவாட்டில் திரும்புவோம். உடம்பு அதைத்தான் செய்திருக்கிறது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து மூன்று வருஷம்.

அன்று சாயங்காலத் தேத்தண்ணி நேரத்தில் பேச்சை எடுத்தேன். "அத்தான், பொங்கலுக்கு அக்காவைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். அவ இல்லாமப் போனா அப்பா வாசப்படி ஏத்த மாட்டாரு."

அத்தான் முகம் சுண்டிவிட்டது. "மாப்ளே, நீங்களே கடலைப் பாத்தீகல்ல? இந்தக் கடல்ல ஒரு பொம்பளைப்பிள்ளையை எப்படி ஏத்தி விட?"

"நான் வரல? என்ன ஆயிப்போச்சு? இதெல்லாம் ஒரு கடலா!" என்று வாயை விட்டேன்.

அவருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அப்படியா? வெளிக்கடல்ல கறுப்பா ஒரு பாறை தெரிஞ்சதே, அதைத் தொட்டுட்டுத் திரும்பி வாங்க. உங்கக்காவை உங்களோட கப்பலேத்தி விடுறேன். கடல் சரியில்லைன்னு அப்புறம் நான் வாயே திறக்கல. தொடலைன்னா நீங்களும் இங்கயே இருந்து பொங்கச் சாப்பிட்டுட்டுத் தனியாப் போங்க."

"சரி!" என்றேன், யோசிக்கவே இல்லை.

"நான் ஊருக்குப் போறதுக்கு அவன் எதுக்கு நீந்தணும்? நான் நீந்துறேன்," என்றாள் அக்கா.

அத்தான் சிரித்தார். "கிணத்துல முங்கினதை எல்லாம் நீச்சல்னு சொல்லிக்கிட்டு..."

அக்கா டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முழுக்க அடைமழை. நான் புழக்கடைக் கதவுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். பாண் என்று ஒன்று கொடுத்தார்கள், எங்கள் ஊர் ரொட்டிதான். அதைக் கருவாட்டுக் குழம்பில் முக்கி எத்தனை துண்டு தின்றேன் என்று கணக்கே இல்லை. அக்கா அடுக்களையிலிருந்து, "ஏலே, சும்மா விளையாட்டுக்குப் பந்தயம் கட்டிட்டு உசுரை விட்டுறாத. நான் இன்னும் ஒரு வருசம் இருந்துக்குவேன்," என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. பாறையைத் தொடாமல் விடுவதில்லை.

அடுத்த காலை பளிச்சென்று விடிந்தது. காற்று இருந்தது, ஆனால் வெயில்! கடற்கரையில் எங்கள் மூன்று பேரைத் தவிர, தள்ளி வலை உலர்த்திக்கொண்டிருந்த சவரிமுத்துவும் அவருடைய ஆட்களும்தான். நான் மேட்டில் நின்று கடலை எடைபோட்டேன். பாறைக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் அலை கவிழ்ந்து வெள்ளை வெள்ளையாக உடைகிறது. நடுவில் மட்டும் ஒரு பாதை மாதிரி, அலையே உடையாமல், நெளிநெளியாக, கொஞ்சம் கறுத்துக் கிடக்கிறது. நேரே பாறைப் பக்கம் போகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்படித்தான் கிடக்கும். அட, நமக்கென்றே வழி விட்டிருக்கிறதே என்று ஓடிப்போய் அதில் பாய்ந்தேன். சவரிமுத்து கையை வீசிக் கத்தினாராம். காற்றில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

என்ன வேகம் தெரியுமா! நாலு வீச்சு வீசினால் நாற்பது வீச்சுத் தூரம் போகிறேன். தண்ணீர் சில்லென்று விலாவைத் தடவுகிறது. ஒவ்வோர் அலையும் என்னைத் தூக்கி இறக்குகிறது. உச்சியில் ஏறும்போது வானம், இறங்கும்போது தண்ணீர்ச் சுவர். சந்தோஷத்தில் கூவினேன்! நாரணாபுரத்தில் ஒருத்தன் இதைப் பார்க்கவில்லையே என்றுதான் வருத்தம். இடது கைப்பக்கம் பாறை தெரிந்தது. இதோ தொடப்போகிறேன் என்று அதன் பக்கம் திரும்பினேன். பாறை பின்னால் போய்விட்டது.

அப்போதுதான் புரிந்தது. நான் வேகமாக நீந்தவில்லை. கடல் என்னை இழுத்துக்கொண்டு போகிறது.

கரையைப் பார்த்துத் திரும்பினேன். அத்தான் விரலளவில் தெரிந்தார். மூச்சைப் பிடித்து நேரே கரையைப் பார்த்து அடித்தேன். அடிக்க அடிக்கக் கரை தள்ளிப் போனது. கை மரத்தது. உப்பு தொண்டையில் இறங்கியது. அம்மா என்று கத்தினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், கத்தினேன். அப்புறம் புத்தி என்று ஒன்று இல்லை. உடம்புதான் பார்த்துக்கொண்டது. களைத்த உடம்பு பழக்கத்தில் இடது பக்கமாகத் திரும்பிச் சுவரைத் தேடியது. படிக்கல் எங்கே, படிக்கல் எங்கே என்று பக்கவாட்டிலேயே கையைப் போட்டுக்கொண்டு போனேன். சுவராவது படியாவது! ஆனால் கொஞ்ச தூரத்தில் இழுப்பு விட்டுவிட்டது. பின்னாலிருந்து ஒரு பெரிய அலை வந்து என்னைச் சுருட்டி எடுத்து, உருட்டி, கரைப்பக்கம் எறிந்தது. அடுத்தது மறுபடியும் உருட்டியது. முட்டியில் மணல் தட்டியபோது எனக்கு உயிர் வந்தது.

தவழ்ந்து ஏறித் திரும்பிப் பார்த்தேன். வெகுதூரத்தில் ஆட்கள் கயிற்றோடு ஓடுகிறார்கள். எனக்காகத்தான் ஓடுகிறார்கள் என்று நினைத்துக் கையை ஆட்டினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அங்கே ஒரு குடை மிதந்தது.

நான் அம்மா என்று கத்தியது அத்தான் காதில் விழுந்திருக்கிறது. செருப்பு நனையாத தூரத்தில் நிற்கிற அந்த மனுஷன், குடையைக்கூடக் கீழே போடாமல், "மாப்ளே!" என்று அலறிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடியிருக்கிறார். இடுப்பளவு போனதும் அலை காலை வாரிவிட்டது. திரும்புகிற தண்ணீர் அவரையும் அதே பாதைக்கு இழுத்தது. அவருக்கு நீந்தத் தெரியாது. கடற்கரையிலேயே பிறந்து, வளர்ந்து, கடை நடத்தி, நீந்தத் தெரியாது!

சவரிமுத்து கயிற்றை எடுத்து வருவதற்குள் அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பாய்ந்துவிட்டாள். நான் மணலில் ஓடிக்கொண்டே பார்த்தேன். அவர் இரண்டு கையையும் நீட்டினார். அவள் கையைத் தொடவே இல்லை. பின்பக்கமாகப் போய், எண்ணெய் தடவிச் சீவிய அந்த முடியைக் கொத்தாகப் பிடித்தாள். அவளும் நேரே கரைக்கு வரவில்லை. இடது பக்கமாகத் திரும்பி, எங்கள் கிணற்றைச் சுற்றுகிற மாதிரியே சுற்றிக்கொண்டு, அலை உடைகிற இடத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள். அலை இரண்டு பேரையும் சேர்த்துக் கயிற்றின் பக்கம் தள்ளியது. "அக்கா! அக்கா!" என்று கத்தி என் தொண்டை கட்டிப்போயிற்று.

அத்தான் மணலில் கிடந்து கடலைக் கக்கினார். சவரிமுத்து என்னைப் பார்த்து, "அலை உடையாத இடம்தான் தம்பி, வந்த தண்ணி எல்லாம் திரும்பிப் போற வழி. உதுக்குள்ள போய்க் குதிச்சியள். பிறகு பக்கத்தால நீந்த வேணுமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லல. கிணத்துப் படியைத் தேடினேன்."

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அப்ப அங்க ரெண்டு பேரும் ஒரே கிணறோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அவருடைய ஆட்களும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "பாறையைத் தொட்டா அப்படி, தொடலைன்னா இப்படின்னு ரெண்டு பேரும் பந்தயம் கட்டுனீக. போறவ நான். என்னை ஒருத்தர் கேட்டீகளா?"

அத்தான் எழுந்து உட்கார்ந்தார். "எனக்குத் தண்ணின்னா பயம், செல்லக்கனி," என்றார். "பிறந்ததில இருந்து முழங்காலுக்கு மேல நனைஞ்சதில்ல. கல்யாணத்துக்கு வந்தப்பவும் கப்பல்ல கண்ணைத் திறக்கல. உன்னைத் தனியா அனுப்ப மனசு வரல, கூட வரத் துணிச்சல் இல்ல. மார்கழிக் கடல், கடையில ஆள் இல்லன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் பொங்கலுக்குப் போறேன். நீக வாறீகளா, இல்லையா?"

அத்தான் தலையைத் தடவிப் பார்த்தார். உச்சிக்குப் பக்கத்தில் ஒரு கொத்து முடியைக் காணோம். "வாறேன்," என்றார்.

கப்பலில் அத்தான் இந்தத் தடவையும் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் அக்கா கையை விடவும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் வாசலில் போய் நின்றபோது அப்பா மூன்று தலையையும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மாப்பிள்ளையின் தலையைப் பார்த்து, "என்னய்யா இது, பூச்சிவெட்டா?" என்று கேட்டாள்.

பொங்கலுக்கு மறுநாள் எங்கள் கிணற்றைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. தண்ணீர் மேல்படியைத் தொட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தது. சிறுபிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கக் கட்டுகிற காய்ந்த சுரைக்குடுக்கையை அத்தானின் முதுகில் நான்தான் கட்டினேன். அக்கா முதல் ஆளாகக் குதித்து, முங்கி, அடி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து எல்லோருக்கும் காட்டிவிட்டு நடுவில் மிதந்தாள்.

அத்தான் மேல்படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இங்கன இழுக்குமா?"

"இங்கன இழுக்கிறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன். குதிங்க," என்றாள் அக்கா.

அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் தலைமுடியைப் பொத்திக்கொண்டு குதித்தார்.